என். டி. ராமராவ்: திரையிலிருந்து ஆட்சிக்கு

நந்தமூரி தாரக ராமராவ் (மே 28, 1923 – ஜனவரி 18, 1996) தெலுங்குத் திரைப்பட நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், அரசியல் தலைவர். என்.டி.ஆர். எனப் பரவலாக அறியப்பட்டவர். 1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, ஒன்பதே மாதங்களில் ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். அம்மாநிலம் உருவானது முதல் அதை ஆண்டுவந்த காங்கிரஸ் கட்சியின் தொடர் ஆட்சி இவரால் முடிவுக்கு வந்தது. தம் கட்சியினராலேயே இருமுறை, 1984இலும் 1995இலும், பதவியிலிருந்து இறக்கப்பட்டார். முதல் முறை ஒரே மாதத்தில் மீண்டும் பதவியேற்றார். இரண்டாம் முறை பதவி இழந்த சில மாதங்களில் மறைந்தார். ஒரு நடிகரின் மக்கள் செல்வாக்கு அரசியலில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாக உள்ளன.

இளமை

ராமராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் குடிவாடாவுக்கு அருகிலுள்ள நிம்மகூரு என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் லட்சுமய்யா சௌத்ரி, வெங்கடராமம்மா. பிள்ளையில்லாத சிறிய தந்தையார் இவரைத் தத்தெடுத்து வளர்த்தார். விஜயவாடாவில் படித்த காலத்தில் குடும்ப வருமானத்துக்காக உணவு விடுதிகளுக்குப் பால் ஊற்றும் வேலையையும் செய்தார். அங்குள்ள கல்லூரியில் இவருக்குத் தெலுங்கு கற்பித்தவர் பின்னாளில் ஞானபீட விருது பெற்ற விஸ்வநாத சத்யநாராயணா. அவர் நடத்திய நாடகத்தில் நாகம்மா என்னும் பெண் வேடம் கிடைத்தபோது மீசையை எடுக்க மறுத்து அப்படியே மேடையேறினார். அதனால் ‘மீசை நாகம்மா’ என்ற பட்டப்பெயர் இவருக்கு வந்தது.

குண்டூர் ஆந்திர கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1947இல் சார்பதிவாளராக அரசுப் பணியில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே அந்த வேலையை விட்டுவிட்டுத் திரைப்பட வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார்.

சென்னையில் திரைவாழ்க்கை

தெலுங்குத் திரைத்தொழில் அப்போது சென்னையில் மையம் கொண்டிருந்தது. எல். வி. பிரசாத் இயக்கிய ‘மன தேசம்’ (1949) படத்தில் காவல் ஆய்வாளராகச் சிறு வேடத்தில் ராமராவ் அறிமுகமானார். விஜயா நிறுவனத்துக்காகக் கே. வி. ரெட்டி இயக்கிய ‘பாதாள பைரவி’ (1951) இவரை முன்னணி நடிகராக்கியது. தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் வீடு அமைத்துக்கொண்டார்.

‘மாயாபஜார்’ (1957) படத்தில் கிருஷ்ணனாக நடிக்க முதலில் தயங்கினார். கே. வி. ரெட்டி இணங்கவைத்தார். அந்த வேடம் இவரது வாழ்வின் போக்கையே மாற்றியது. அதன் பிறகு பல படங்களில் கிருஷ்ணனாக நடித்தார். தமிழில் ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) படத்தில் ராமனாகவும், பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) படத்தில் கிருஷ்ணனாகவும் நடித்துத் தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானார். ‘ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்’ (1960) படத்தில் திருமாலாக நடித்த பின்னர், திருப்பதிக்கு வந்த ஆந்திர யாத்திரிகர்கள் சென்னைக்கும் வந்து இவரைப் பார்த்துச் செல்வது வழக்கமானது. காலையில் வீட்டு வாசலில் கூடுபவர்களைச் சந்தித்துவிட்டே படப்பிடிப்புக்குச் செல்வார்.

தெய்வ வேடங்களோடு இவர் நின்றுவிடவில்லை. ‘பூகைலாஸ்’ (1958), தாமே இயக்கிய ‘சீதாராம கல்யாணம்’ (1961) ஆகியவற்றில் இராவணனாக நடித்தார். ‘நர்த்தனசாலா’ (1963) படத்தில் பிருகன்னளை வேடத்துக்காக வெம்படி சின்ன சத்யத்திடம் குச்சிப்புடி பயின்றார். ‘தான வீர சூர கர்ணா’ (1977) படத்தை இயக்கி, அதில் கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் என மூன்று வேடங்களையும் ஏற்றார். ‘அடவி ராமுடு’ (1977), ‘சர்தார் பாப்பாராயுடு’ (1980), ‘கொண்டவீட்டி சிம்மம்’ (1981), ‘பொப்பிலி புலி’ (1982) போன்ற பிற்காலப் படங்கள் அநீதியை எதிர்க்கும் வீரனாக இவரை நிறுத்தின. ஏறத்தாழ 300 படங்களில் நடித்த இவருக்கு 1968இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அரசியல் பின்னணி

1978க்கும் 1983க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் சென்னா ரெட்டி, அஞ்சய்யா, பவனம் வெங்கடராமி ரெட்டி, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி என நான்கு காங்கிரஸ் முதலமைச்சர்களை ஆந்திரம் கண்டது. யார் வருவது, யார் போவது என்பதை டெல்லித் தலைமையே முடிவு செய்தது. 1982 பிப்ரவரியில் ஐதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில் ராஜீவ் காந்தியை வரவேற்கச் சென்ற முதலமைச்சர் அஞ்சய்யா, அங்கே செய்யப்பட்டிருந்த ஆடம்பர ஏற்பாடுகளுக்காகப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்பட்டார். அதே மாதம் அவர் பதவியும் போனது. இது தெலுங்கர்களுக்கு நேர்ந்த அவமதிப்பாக மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

சமூகக் காரணமும் இருந்தது. காங்கிரஸ் ஆட்சியில் ரெட்டி சமூகத்தினரின் கை ஓங்கியிருந்தது. வேளாண்மையிலும் தொழிலிலும் முன்னேறியிருந்த கம்மா சமூகத்தினருக்கு முதலமைச்சர் பதவி கிடைத்ததில்லை. பிற்படுத்தப்பட்ட சமூகத்தினரும் உரிய இடமின்றி இருந்தனர். ராமராவின் கட்சி இவ்விரு தரப்பினரையும் ஈர்த்தது.

தெலுங்கு தேசம்

1982 மார்ச் 29 அன்று ஐதராபாத்தில் ராமராவ் கட்சியை அறிவித்தார். ‘தெலுங்கர்களின் தன்மானம்’ என்பதே அதன் முழக்கம். பழைய செவர்லே வண்டி ஒன்றை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ எனப் பெயரிட்டு, அதிலேயே உண்டு உறங்கி மாநிலம் முழுவதும் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா வண்டியை ஓட்டினார். காக்கி உடையில் வண்டியின் கூரைமேல் நின்று, புராண வசன நடையில் ராமராவ் பேசினார். நள்ளிரவிலும் மக்கள் சாலையோரம் காத்திருந்தனர். ராமோஜி ராவின் ‘ஈநாடு’ நாளிதழ் இப்பயணத்துக்குப் பெரும் இடம் ஒதுக்கியது.

வேட்பாளர்களில் பலர் தேர்தலுக்குப் புதியவர்கள். மருத்துவர், வழக்கறிஞர், பட்டதாரி இளைஞர் எனப் பலர் ராமராவின் முகத்தை மட்டுமே நம்பி நின்றனர். 1983 ஜனவரியில் நடந்த தேர்தலில் 294 இடங்களில் 200க்கும் மேற்பட்டவற்றைத் தெலுங்கு தேசம் வென்றது. ஜனவரி 9 அன்று ஐதராபாத் லால் பகதூர் விளையாட்டரங்கில் மக்கள் திரளுக்கு முன் ராமராவ் பதவியேற்றார். வென்றவர்கள் தலைவரின் செல்வாக்கால் வென்றவர்கள். அவர்களுக்கெனத் தனி வேர் இல்லை. தலைவரும் அவர்களை அவ்வாறே நடத்தினார். பின்னாளில் கட்சிக்குள் எழுந்த கசப்புகளுக்கு இதுவே தொடக்கம்.

ஆட்சி

ஏழைகளுக்குக் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கும் திட்டம் ராமராவ் ஆட்சியின் அடையாளமானது. பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் ஆகிய கிராமப் பதவிகளும், தெலங்கானாவில் பட்டேல், பட்வாரி பதவிகளும் 1984இல் ஒழிக்கப்பட்டன. தாலுகாக்களுக்குப் பதிலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மண்டலங்கள் அமைக்கப்பட்டதால், அரசு அலுவலகம் சிற்றூர்களுக்கு அருகில் வந்தது. மகளிருக்கெனத் திருப்பதியில் பத்மாவதி பல்கலைக்கழகம் 1983இல் நிறுவப்பட்டது.

கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு மகன்களுக்கு இணையான பங்கு வழங்கி இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த மாநிலத் திருத்தம் இவரது ஆட்சியின் முதன்மையான சீர்திருத்தமாகும். தமிழ்நாடு 1989இல் இதே வகைத் திருத்தத்தைச் செய்தது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது.

அதே ஆட்சியில் அவசர முடிவுகளும் இருந்தன. அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 55ஆகக் குறைத்தது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1985இல் சட்ட மேலவை கலைக்கப்பட்டது.

தெலுங்கு கங்கை

சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்கக் கிருஷ்ணா நதி நீரைக் கொண்டுவரும் ஒப்பந்தம் 1983 ஏப்ரல் 18 அன்று ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கையெழுத்தானது. அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரன். மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவை தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, வழியிழப்பு போக 12 டி.எம்.சி. தமிழ்நாட்டு எல்லையில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செல்லும் வழியில் இராயலசீமை, நெல்லூர் பகுதிகளின் பாசனத்துக்கும் கால்வாய் பயன்படும் வகையில் திட்டம் விரிவாக்கப்பட்டது. 1996 செப்டம்பரில் கண்டலேறு நீர் முதன்முறையாகப் பூண்டியை எட்டியபோது ஒப்பந்தக் காலத்து முதலமைச்சர்கள் இருவருமே உயிரோடில்லை.

1984: பதவி நீக்கமும் மீட்சியும்

1984இல் ராமராவ் அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆகஸ்ட் மாதம் திரும்பினார். ஆகஸ்ட் 16 அன்று ஆளுநர் ராம்லால் அவரைப் பதவி நீக்கம் செய்து, நிதியமைச்சராக இருந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதலமைச்சராக்கினார். பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்க ராமராவ் கேட்ட வாய்ப்பு மறுக்கப்பட்டது. பாஸ்கர ராவுக்கோ ஒரு மாத அவகாசம் தரப்பட்டது.

உடல் தேறாத நிலையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, பெரும்பான்மைச் சட்டமன்ற உறுப்பினர்களுடன் டெல்லி சென்று குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் முன் ராமராவ் அவர்களை நிறுத்தினார். நாட்டின் எதிர்க்கட்சிகள் அவர் பக்கம் திரண்டன. உறுப்பினர்கள் விலைபோகாமலிருக்க, ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சி செய்த கர்நாடகத்தில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களைக் கட்டிக்காக்கும் பணியில் முன்னின்றவர், காங்கிரசிலிருந்து வந்து கட்சியில் சேர்ந்திருந்த மருமகன் சந்திரபாபு நாயுடு.

ஆந்திரம் முழுவதும் போராட்டம் வெடித்தது. ராம்லால் விலகினார், சங்கர் தயாள் சர்மா ஆளுநரானார். பாஸ்கர ராவால் பெரும்பான்மை காட்ட முடியவில்லை. செப்டம்பர் 16 அன்று ராமராவ் மீண்டும் முதலமைச்சரானார். அவ்வாண்டு இறுதியில், இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசியபோதும், ஆந்திரத்தின் 42 மக்களவைத் தொகுதிகளில் 30ஐத் தெலுங்கு தேசம் வென்றது. மாநிலக் கட்சியொன்று மக்களவையில் முதன்மை எதிர்க்கட்சியானது அதுவே முதன்முறை. 1985 சட்டமன்றத் தேர்தலிலும் கட்சி மீண்டும் 200க்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்றது.

சரிவும் மீண்டும் எழுச்சியும்

1988 செப்டம்பரில் சென்னையில் தொடங்கப்பட்ட தேசிய முன்னணிக்கு ராமராவ் தலைவரானார். தேசிய அரசியலில் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் சொந்த மாநிலத்தில் பிடி தளர்ந்தது. 1988 டிசம்பரில் விஜயவாடாவில் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் வங்கவீட்டி ரங்கா கொலையுண்டதைத் தொடர்ந்து கடலோர மாவட்டங்களில் கலவரம் மூண்டது. 1989 தொடக்கத்தில் அமைச்சர்கள் அனைவரையும் ராமராவ் ஒரே நாளில் நீக்கினார். மக்களிடம் தமக்குள்ள செல்வாக்கே போதும், உடனிருப்பவர் யாராயினும் மாற்றிக்கொள்ளலாம் என்ற அவரது எண்ணத்தை இது வெளிக்காட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி தோற்றது. ராமராவ் இந்துப்பூரில் வென்றாலும் கல்வகுர்த்தியில் தோல்வியடைந்தார்.

1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் சாராயத்துக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் மாநில இயக்கமாக வளர்ந்தது. ராமராவ் முழு மதுவிலக்கை வாக்குறுதியாக ஏற்றார். 1994 டிசம்பர் தேர்தலில் தெலுங்கு தேசம் 216 இடங்களைப் பெற, காங்கிரஸ் 26 இடங்களுக்குச் சுருங்கியது. பதவியேற்பு மேடையிலேயே மதுவிலக்கு ஆணையில் அவர் கையெழுத்திட்டார்.

1995: இரண்டாம் வீழ்ச்சி

முதல் மனைவி பசவதாரகம் புற்றுநோயால் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1993இல் ராமராவ் லட்சுமி பார்வதியை மணந்தார். 1994 வெற்றிக்குப் பின் கட்சியிலும் ஆட்சியிலும் அவரது தலையீடு மிகுந்துவிட்டதாகச் சட்டமன்ற உறுப்பினர்கள் முறையிட்டனர். 1995 ஆகஸ்டில் அவர்களில் பெரும்பான்மையினர் சந்திரபாபு நாயுடுவின் தலைமையில் ஐதராபாத்தில் ஒரு விடுதியில் திரண்டனர். மகன்கள் ஹரிகிருஷ்ணாவும் பாலகிருஷ்ணாவும் அந்த அணியில் இருந்தனர். 1984இல் உறுப்பினர்களைக் காத்தவரும், 1982இல் ரதத்தை ஓட்டியவரும் இப்போது எதிர்ப்பக்கம் நின்றனர்.

சைதன்ய ரதத்தில் ஏறி ராமராவ் அந்த விடுதிக்குச் சென்று தம் உறுப்பினர்களை அழைத்தார். அங்கே அவரை நோக்கிச் செருப்புகள் வீசப்பட்டன. பேரவையைக் கலைக்கும்படி அவர் செய்த பரிந்துரையை ஆளுநர் கிருஷ்ணகாந்த் ஏற்கவில்லை. ராமராவ் பதவி விலக, செப்டம்பர் 1 அன்று நாயுடு முதலமைச்சரானார். ராமராவ் அவரைத் தந்தையைச் சிறையிட்ட ஔரங்கசீப்போடு ஒப்பிட்டார். மீண்டும் மக்களிடம் செல்லப் போவதாக அறிவித்திருந்த நிலையில், 1996 ஜனவரி 18 அதிகாலை மாரடைப்பால் ஐதராபாத்தில் காலமானார். அவரது நினைவிடம் உசேன் சாகர் ஏரிக்கரையில் உள்ளது. சில மாதங்களில் நடந்த மக்களவைத் தேர்தலில் நாயுடுவின் தெலுங்கு தேசம் 16 இடங்களை வென்றது. லட்சுமி பார்வதியின் அணி ஓரிடமும் பெறவில்லை. 1997இல் மதுவிலக்கும் தளர்த்தப்பட்டது.

மதிப்பீடு

ராமராவ் பெரும்பாலும் எம். ஜி. ராமச்சந்திரனோடு ஒப்பிடப்படுகிறார். இருவரும் நடிகர்கள், இருவரின் ஆட்சியும் ஒருமுறை டெல்லியின் தலையீட்டால் பறிக்கப்பட்டு, மக்கள் ஆதரவால் மீண்டது. ஆயினும் எம்.ஜி.ஆர். 1953 முதல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இருந்து, கிளைகள், ரசிகர் மன்றங்கள், தேர்தல் களம் எனக் கால் நூற்றாண்டு அரசியல் பழகிய பின்னரே 1977இல் முதலமைச்சரானார். ராமராவுக்கு அத்தகைய காலமோ அமைப்போ வாய்க்கவில்லை. அவருக்கும் மக்களுக்கும் இடையில் கட்சி என்பது பெயரளவிலேயே இருந்தது.

1984இல் எதிரி டெல்லியாகத் தெரிந்தது. மக்கள் அதைத் தங்கள் தன்மானத்துக்கு விடப்பட்ட சவாலாகக் கொண்டு தெருவில் இறங்கினர். 1995இல் எதிர்த்தவர்கள் சொந்த வீட்டினர். கட்சியின் பெயரும் கொடியும் அவர்களிடமும் இருந்தன. மாமனார் மருமகன் பூசலாகக் கண்ட மக்கள் பெரும்பாலும் பார்வையாளராகவே இருந்துவிட்டனர். பேரவையில் எண்ணிக்கை கேட்கப்படும் வேளையில், தாம் பொருட்படுத்தாத உறுப்பினர்களின் கைகளே முடிவு செய்யும் என்பதை ராமராவ் கணக்கில் கொள்ளவில்லை.

ஆயினும் அவர் தொடங்கிய கட்சி அவருக்குப் பின்னும் பலமுறை ஆட்சிக்கு வந்தது. மாநிலத்தின் தேவையை மாநிலமே முடிவு செய்ய வேண்டும் என்ற குரல் ஆந்திர அரசியலில் நிலைத்தது. மகள்களின் சொத்துரிமை நாடு முழுமைக்கும் சட்டமானது. அவரைப் பதவியிலிருந்து இறக்கியவர்களும் ஒவ்வொரு தேர்தலிலும் அவர் படத்தை வைத்தே வாக்குக் கேட்டனர்.