கிரிஸ்டல் ஸிட்டியின் பெற்றோர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், மெக்ஸிகோ எல்லைக்கு அணித்தாக, டெக்ஸாஸ் ராஜ்யத்தில் கிரிஸ்டல் ஸிட்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. உலகின் பசலைக்கீரைத் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொண்டு, கீரை தின்று பலம் பெறும் பாப்பாய் என்ற சித்திரக்கதை மாலுமிக்கு 1937-ல் சிலையும் எடுத்த ஊர் அது. அக்கீரையைக் களை பறித்து அறுத்துக் கட்டிய கைகள், ஜனத்தொகையில் பெரும்பான்மையோரான மெக்ஸிக வம்சத்தாருடையவை. நிலமும் கடைத்தெருவும் பள்ளி நிர்வாகமும் வெகுகாலம் வெள்ளையர் வசமே இருந்தன.

அந்நாளில் டெக்ஸாஸ் பள்ளிகள் பலவற்றில், ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழும். மார்ஃபா என்னும் ஊரின் பிளாக்வெல் பள்ளியில், 1954-ல், மாணவர்களைக் கொண்டே ஸ்பானியச் சொற்களைக் காகிதத் துண்டுகளில் எழுதுவித்து, ஈமச்சடங்கு போல ஒன்று நடத்தி, அவற்றைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். தாலாட்டுக் கேட்ட மொழியை அப்படி மண்ணில் இட்டுவிட்டு வந்த குழந்தை, அன்று மாலை தாயோடு எந்த மொழியில் பேசியிருக்கும் என்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. உடம்பில் விழுந்த அடியின் தழும்பு ஆறிவிடும். பெற்றோரைப் பற்றியே வெட்கப்படும்படி பழக்கப்பட்ட மனம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை.

கிரிஸ்டல் ஸிட்டி உயர்நிலைப் பள்ளியில் இந்த அவமானம் நாசூக்கான விதிகளாக உருவெடுத்திருந்தது. விளையாட்டுப் பந்தயங்களில் உற்சாகக் குரல் எழுப்பும் நான்கு பெண்களில் மெக்ஸிகப் பெண் ஒருத்திக்கு மேல் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். பழைய மாணவர் சங்கத்தார் 1969-ல் விழா ராணியைத் தேர்ந்தெடுக்க முற்பட்டபோது, அவளுடைய பெற்றோரில் ஒருவராவது அதே பள்ளியில் படித்துத் தேறியிருக்கவேண்டும் என்றார்கள். வசந்தம் பிறந்ததும் குடும்பத்தோடு வடதிசை சென்று, பீட்கிழங்கு வயல்களில் கூலிவேலை செய்து, பள்ளி திறந்து நெடுநாள் கழித்தே ஊர் திரும்புவதை ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த அத்தலைமுறையில், படிப்பை முடித்தவர் எத்தனை பேர் இருக்கமுடியும்? வறுமை பெற்றோருக்கு மறுத்த கல்வியையே காரணம் காட்டிப் பெண்ணையும் ஒதுக்கிய இவ்விதியைவிடக் கொடியதொன்றை நான் அறியேன்.

செவெரிதா லாரா முதலிய மாணவர்கள் கொண்டுபோன கோரிக்கைகளுக்குப் பள்ளிக்குழு செவிசாய்க்கவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி அவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினார்கள். நாளுக்கு நாள் தொகை பெருகி ஆயிரத்தைக் கடந்தது. இவ்வூரிலேயே பிறந்து படித்துத் திரும்பியிருந்த ஹோஸே ஆங்ஹெல் குட்டியெரெஸ், பெற்றோரும் உடன் நிற்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அது சிறிய காரியமன்று. வெள்ளையரிடம் கூலி வாங்கிப் பிழைத்தவர்கள், பிழைப்புக்கே ஆபத்து நேரலாம் என்று அறிந்தும், பள்ளி வாயிலில் பிள்ளைகளோடு நின்றார்கள். பிள்ளைகளுக்கு அதுவரை எந்தப் பாடமும் தராத மனோதைரியம் அக்காட்சியில் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். தங்கள் பெற்றோர் வெட்கப்படத்தக்கவரல்லர் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெளியூர்களிலிருந்து உபாத்தியாயர்கள் வந்து, படிப்புத் தடைப்படாதவாறு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

மத்திய அரசின் நீதி இலாகா சமரசம் பேசியதன் பயனாக, 1970 ஜனவரியில் பள்ளிக்குழு இணங்கிற்று. வெளியேறிய மாணவர்களைத் தண்டிப்பதில்லை என்றும், இருமொழிக் கல்வியைக் கொண்டுவருவதென்றும் ஒப்புக்கொண்டார்கள். அவ்வருஷம் ஏப்ரலில் நடந்த தேர்தலில், லா ராஸா உனிதா என்ற புதுக்கட்சியின் சார்பில் நின்றவர்களை அந்தப் பெற்றோரே வாக்களித்துப் பள்ளிக்குழுவுக்கு அனுப்பினார்கள். குட்டியெரெஸ் பள்ளிக்குழுவின் தலைவரானார்.