சாதியைக் கேட்காமலே அறியும் வழி: கைப்பேசிச் செயலிகளின் மறைமுகத் தரவுப் பகிர்வு

கைப்பேசிச் செயலிகள் பயன்படுத்துபவரின் சாதியைக் கேட்பது அரிது. ஆனால் அவருடைய பெயரையும் தொடர்பு எண்களையும், இரவில் தங்கும் இடத்தையும், பகலில் சென்றுவரும் இடங்களையும் பல செயலிகள் திரட்டுகின்றன. திரட்டியவற்றை அவர் பெயரே கேள்விப்படாத நிறுவனங்களுக்குக் கைமாற்றுகின்றன. ஊரும் சேரியும் தனித்தனியே அமைந்த நாட்டில், ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதை அறிந்தவருக்கு அவருடைய சாதியை ஊகிப்பது கடினமன்று. ஆகவே செயலிகளின் தரவுப் பகிர்வு தனிமனித அந்தரங்கம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. சாதிச் சிக்கலும் ஆகும். இப்பகிர்வு எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளைந்தவை எவை, இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

உளவு மென்பொருள் வேறு, இது வேறு

2019ஆம் ஆண்டு பெகாசஸ் உளவு மென்பொருளால் உலகெங்கும் ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. பீமா கோரேகான் வழக்கோடு தொடர்புடைய வழக்கறிஞர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அவர்களுள் இருந்தனர். அன்றுமுதல் கண்காணிப்பு என்றாலே நம் நினைவுக்கு வருவது பெகாசஸ்தான்.

பெகாசஸ் பெரும் பொருட்செலவில், தேர்ந்தெடுத்த சிலர்மீது ஏவப்படுவது. செயலிகளின் கண்காணிப்பு எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாரிடமிருந்தும் எடுத்துச் சேர்த்துவைக்கிறது. யாரைத் தேடுவது என்பது பின்னர் முடிவாகிறது. இதற்குக் கைப்பேசியின் பாதுகாப்பை உடைத்து நுழைய வேண்டியதில்லை. 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானை நாம் அழுத்தினால் போதும்.

செயலிக்குள் இருக்கும் பிறர்

ஒரு செயலியை உருவாக்குபவர் அதன் நிரல் முழுவதையும் தாமே எழுதுவதில்லை. விளம்பரம் காட்டவும், வரைபடம் சேர்க்கவும், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கிடவும் பிற நிறுவனங்களின் ஆயத்த நிரல்தொகுதிகளை எடுத்து இணைக்கிறார். எஸ்.டி.கே. எனப்படுபவை இவையே. இவற்றுள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. பயனரின் தரவே அவற்றுக்கான விலையாகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலிக்கு நாம் தரும் அனுமதி அதனுள் இருக்கும் எஸ்.டி.கே.க்கும் சேர்ந்தே கிடைக்கிறது. வானிலை அறிவதற்காக இருப்பிட அனுமதி தந்தவர், அச்செயலிக்குள் இருக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் தம் இருப்பிடத்தைத் தந்தவர் ஆகிறார்.

பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு 34 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆய்ந்து 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றுள் 61 விழுக்காடு, திறக்கப்பட்ட உடனேயே பேஸ்புக்கிற்குத் தரவு அனுப்பின. பயனருக்குப் பேஸ்புக் கணக்கே இல்லாதபோதும் அது நடந்தது.

இவ்வாறு சிதறிச் செல்லும் தரவுகளை ஒன்றுசேர்ப்பது விளம்பர அடையாள எண். ஒரு கைப்பேசியில் உள்ள வெவ்வேறு ஆண்ட்ராய்டு செயலிகள் இந்த ஒரே எண்ணைக் காண முடியும். அதில் பெயர் இல்லை என்று நிறுவனங்கள் சொல்வது உண்மையே. ஆனால் அந்த எண் இரவு முழுவதும் ஒரு வீட்டிலும் பகல் முழுவதும் ஒரு கல்லூரியிலும் இருக்கிறது என்றால், அந்த இரண்டு இடங்களும் பொருந்துபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். பெயரைக் கண்டறிய அதுவே போதும்.

மூன்றாவது வழி விளம்பர ஏலம். திரையில் ஒரு விளம்பரம் தோன்றும் முன், நொடிக்கும் குறைவான நேரத்தில், பயனரைப் பற்றிய விவரங்கள் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் வெல்வது ஒரு நிறுவனமே. விவரங்களைப் பெறுவனவோ பல. இவ்வழிகளில் திரளும் தரவை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட தரவுத் தரகு நிறுவனங்களும் உள்ளன.

நடந்தவை

முதல் நிகழ்வு சமய அடையாளம் பற்றியது. தொழுகை நேரங்களைக் காட்டும் முஸ்லிம் புரோ செயலி உலகெங்கும் 9.8 கோடி முறைக்குமேல் தரவிறக்கப்பட்டிருந்தது. அதன் பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்திடம் தரவு வாங்கியோருள் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் மதர்போர்டு இதழ் 2020 நவம்பரில் வெளிக்கொணர்ந்தது. அச்செயலியில் யாரும் தம் சமயத்தை எழுதித் தரவில்லை. செயலியை வைத்திருப்பதே அடையாளமாயிற்று. உணர்திறன்மிக்க இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் விற்பதற்கு அமெரிக்க வணிக ஆணையம் 2024 ஜனவரியில் தடை விதித்தது.

இரண்டாவது இனப் பாகுபாடு. பேஸ்புக் பயனரிடம் இனத்தைக் கேட்கவில்லை. அவர் விரும்பிய பக்கங்களையும் செயல்பாடுகளையும் கொண்டு, 'இனச் சார்பு' என ஒரு பகுப்பைத் தானே உருவாக்கியிருந்தது. கறுப்பினத்தவர் கண்ணில் படாதவாறு வீட்டு விளம்பரம் கொடுக்க அது வழிசெய்வதை 2016இல் புரோபப்ளிகா இதழ் மெய்ப்பித்துக் காட்டியது. 2019இல் அமெரிக்க வீட்டுவசதித் துறை அந்நிறுவனத்தின்மீது பாகுபாட்டுக் குற்றச்சாட்டு சுமத்தியது; 2022இல் விளம்பர முறையை மாற்ற நிறுவனம் உடன்பட்டது.

மூன்றாவது நம் நாட்டில் நிகழ்ந்தது. உடனடிக் கடன் செயலிகள் பயனரின் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தவறியபோது உறவினருக்கும் நண்பருக்கும் அழைத்து இழிவுபடுத்தின. இதனால் தற்கொலைகளும் நேர்ந்தன. ரிசர்வ் வங்கி அமைத்த குழு, இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளுள் 600 சட்டவிரோதமானவை என 2021இல் கண்டறிந்தது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றை அணுகக்கூடாது என 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. வங்கியின் வாசலில் ஈடு கேட்டுத் திருப்பி அனுப்பப்படுபவர்களே இத்தகைய செயலிகளை நாடுகிறார்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இருப்பிடமே சாதிச் சான்றாகும் நாடு

'காலனி' என்னும் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசையாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் தெருவின் பெயரை மாற்றுவதால் அது இருக்கும் இடம் மாறுவதில்லை. கைப்பேசி அனுப்புவது தெருவின் பெயரை அன்று, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும். சில மீட்டர் துல்லியத்தில் அவை ஊரையும் சேரியையும் பிரித்துக் காட்டிவிடும். அதனோடு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிய ஆண்டுகளும், ஏப்ரல் 14 அன்று சென்ற இடமும், தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்களும் சேர்ந்தால் ஊகத்துக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் விருப்பக்குறிகளைக்கொண்டு இனத்தைப் பகுத்தவர்களுக்கு, இங்கே சாதியைப் பகுப்பது அதைவிட எளிது.

இப்பாகுபாட்டின் தனித்தன்மை, அது கண்ணுக்குத் தெரியாதது என்பதே. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைப் படம்பிடிக்கலாம்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் தரலாம். நமக்குக் காட்டப்படாத வீட்டு விளம்பரத்துக்கும், நம்மை எட்டாத வேலை அறிவிப்புக்கும் சாட்சி கிடையாது. விலக்கப்பட்டவருக்கே தாம் விலக்கப்பட்டது தெரியாது. மேலும், சாதி மறுப்பு மணம் புரிந்து மறைந்து வாழும் இணையருக்கு இருப்பிடம் வெளிப்படுவது உயிருக்கே ஆபத்தானது. ஒரு போராட்டத் திடலில் இருந்த கைப்பேசிகள் இரவில் எந்தெந்த வீடுகளுக்குத் திரும்பின என்பதையும் இத்தரவு சொல்லிவிடும்.

சட்டத்திலிருந்து மறைந்த 'சாதி'

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதையொட்டி நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவுச் சட்டம், கூடுதல் பாதுகாப்புப் பெறவேண்டிய 'உணர்திறன்மிக்க தனிநபர் தரவு' என்னும் வகையில் சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் சேர்த்திருந்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் அது நீடித்தது. 2023இல் நிறைவேறிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. இன்றைய சட்டத்தின் பார்வையில் ஒருவரின் சாதியும் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் ஒரே தரத்துத் தரவுகள்.

அரசின் அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விலக்களிக்க 17ஆம் பிரிவு இடம் தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் இச்சட்டம் திருத்தி, தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதி வெளியிடச் சொல்லும் வாசகத்தை அப்பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகவல் உரிமைத் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கோ 18 மாத அவகாசம் தரப்பட்டது.

எனினும் பயன்படுத்தத்தக்க பிரிவுகளும் இச்சட்டத்தில் உண்டு. ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர 5ஆம் பிரிவு பணிக்கிறது. நம் தரவு எந்தெந்த நிறுவனங்களோடு பகிரப்பட்டது எனக் கேட்டறியும் உரிமையை 11ஆம் பிரிவு வழங்குகிறது. 18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 9ஆம் பிரிவு தடுக்கிறது.

உடனே செய்யக்கூடியவை

ஆண்ட்ராய்டு 12 முதலான கைப்பேசிகளின் அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடலாம். ஐபோனில், பின்தொடர அனுமதி கேட்கும் செயலிகளுக்கு மறுக்கலாம். இருப்பிட அனுமதியைப் 'பயன்படுத்தும்போது மட்டும்' என வரையறுத்து, துல்லியமான இருப்பிடத்தை அணைத்துவைக்கலாம். ஓர் ஆண்ட்ராய்டு செயலிக்குள் எத்தனை பின்தொடரும் நிரல்கள் உள்ளன என்பதை எக்ஸோடஸ் பிரைவசி என்னும் பிரெஞ்சு அமைப்பின் தளத்தில் காணலாம். பிளே ஸ்டோரில் உள்ள தரவுப் பாதுகாப்புக் குறிப்பு, செயலியை உருவாக்கியவரே எழுதித் தந்தது என்பதை மறக்கலாகாது. இயக்கங்களும் தங்கள் கூட்டங்களுக்கும் கள ஆய்வுகளுக்கும் தேவைக்கு மேற்பட்ட விவரங்களைத் திரட்டாதிருப்பதும், வேலை முடிந்ததும் அழித்துவிடுவதும் கடமையாகும்.

இவை தனிமனிதர் செய்துகொள்ளும் தற்காப்பு மட்டுமே. வீட்டுக்கு ஒரே கைப்பேசியை வைத்திருக்கும் குடும்பத்திடம் அமைப்புகளை மாற்றிக்கொள்ளச் சொல்வது தீர்வாகாது. சாதியையும், சாதியை ஊகிக்க உதவும் இருப்பிடத் தரவையும் தனிப் பாதுகாப்புக்குரியவையாகச் சட்டம் மீண்டும் வரையறுக்க வேண்டும். விளம்பரத்திலும் கடனிலும் வேலைவாய்ப்பிலும் அத்தகைய ஊகத்தைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்க வேண்டும். தரவு உரிமை என்பதைச் சமூகநீதிக் கோரிக்கைகளின் பட்டியலில் சேர்ப்பதற்கு 2018ஆம் ஆண்டு வரைவே நமக்கு முன்னுதாரணமாக இருக்கிறது.