சோனார் பிறந்த கதை

1920களில் லென்ஸ் வடிவமைப்பாளருக்குப் பெரிய தலைவலி காற்றுதான். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றில் நான்கைந்து பங்கு ஒளி திரும்பிவிடும். போனது போகட்டும் என்றும் விட முடியாது. அது லென்ஸுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிற அடிக்கும். பால் ருடோல்ஃப் 1896இல் உருவாக்கிய பிளானார் லென்ஸில் இப்படி எட்டுப் பரப்புகள். அருமையான வடிவம்தான், ஆனால் அதன் காலம் இன்னும் வரவில்லை.

மியூனிக்கில் 1900இல் பிறந்த லூட்விக் பெர்டெலே வேறு வழி பிடித்தார். டிரெஸ்டனின் எர்னமன் நிறுவனத்தில் அவர் செய்த எர்னோஸ்டார் லென்ஸ், 1924இல் எர்மனாக்ஸ் கேமராவில் ஏறியது. அதைக் கொண்டு புகைப்படக்காரர் எரிக் சாலமன் மாநாட்டு அரங்குகளில் ஃபிளாஷ் இல்லாமலே படமெடுத்தார். 1926இல் எர்னமன் ஸைஸ் ஐகானில் இணைந்தது. அங்கே பெர்டெலே காற்று இடைவெளிகளையே கண்ணாடியால் அடைத்து, துண்டுகளை மும்மூன்றாக ஒட்டினார். 1932இல் கான்டாக்ஸ் கேமராவுக்காக வந்த 50 மி.மீ. எஃப்/1.5 சோனார் லென்ஸில் ஏழு கண்ணாடிகள். காற்றைத் தொடும் பரப்புகளோ ஆறுதான்.

இதற்கு ஒரு விலை இருந்தது. லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. துளையைச் சுருக்கினால் ஓரத்து ஒளி தடைபட்டு, ஃபோகஸ் தளம் பின்னால் நகரும். முழுத் துளையில் கண்ணில் பிடித்த ஃபோகஸ், எஃப்/2.8இல் காதுக்குப் போய்விடலாம். கான்டாக்ஸ் போன்ற கேமராக்களின் ரேஞ்ச்ஃபைண்டரில் இது தெரியாது. அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. சிறிய அச்சுப் படங்களும் பிழையை மறைத்தன.

டிஜிட்டல் கேமரா மறைக்காது. முக்காலியில் நிறுத்தி, சாய்த்து வைத்த அளவுகோலை முழுத் துளையில் ஃபோகஸ் செய்யுங்கள். வளையத்தைத் தொடாமல் எஃப்/2, எஃப்/2.8, எஃப்/4 என எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கூர்மை எந்தக் கோட்டுக்கு நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் தீர்வும் எளிது: எந்தத் துளையில் எடுக்கப் போகிறோமோ, அதிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பூச்சு பரவலானதும் பிளானார் குடும்பம் மேலெழுந்தது. சோனார் பிறந்த காரணம் மறைந்தது. ஆனாலும் இந்த நூற்றாண்டில் ஸைஸ் நிறுவனம் ‘சி சோனார்’ என்ற லென்ஸை அதே வழியில், அதே ஃபோகஸ் நகர்வோடு மறுபடி கொண்டுவந்தது. பிழை எதுவோ, அதுவே முழுத் துளையில் முகங்களுக்கு மென்மை தருகிறது. வாங்குபவர்கள் கேட்பதும் அதைத்தான்.