தபாலில் வந்த படிப்பு

நீலகிரி எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். படிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வீடு தேடி வந்துவிடும். ஆனால் 'தேய்மானத்தை ஏன் டெபிட் செய்கிறோம்?' என்று சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? தொலைதூரக் கல்வியின் வரலாறே இதற்கு வழி தேடிய வரலாறுதான்!

இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வியை 1962ல் டெல்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லும் தொடங்கின. சந்தேகம் என்றால் கடிதம் எழுதலாம், அல்லது காண்டாக்ட் கிளாஸ் வரும்வரை காத்திருக்கலாம்.

இதே சிக்கலை ஆஸ்திரேலியா முன்பே சந்தித்தது. அங்கே தொலைதூரக் கால்நடைப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்காக 1951ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர் பேசுவார், பிள்ளைகளும் வானொலிக் கருவியில் பதில் பேசுவார்கள்.

நம் நாட்டில் 1975-76ல் நடந்த 'சைட்' சோதனையில் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி போனது. பார்க்கலாம், ஆனால் திருப்பிக் கேட்க முடியாது. அந்தக் குறையைப் போக்க வந்தவற்றில் முக்கியமானது, 2004 செப்டம்பர் 20ல் ஏவப்பட்ட எஜுசாட். ஆசிரியர் திரையில் தெரிவார், மாணவர் தன் ஊரிலிருந்தே குரலில் கேள்வி கேட்பார். அதன் பணி 2010ல் முடிந்தது.

2020 ஊரடங்கில் நேரலை வகுப்பு செல்போனுக்கே வந்துவிட்டது. மலையில் சிக்னல்தான் பிரச்சினை. இங்கே பழைய வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. மாணவரிடமிருந்து திரும்பி வரவேண்டியது படம் அல்ல, குரல். சிக்னல் குறைந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பாற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் புத்தகத்தையே வாசித்தால் என்ன லாபம்? அதற்குப் பதிவு செய்த வீடியோ போதுமே! கல்லூரிக்குப் போகும் நாம், பத்து மார்க் விடையை எப்படிப் பிரித்து எழுதுவது, குறிப்பு எப்படி எடுப்பது என்பதையெல்லாம் பக்கத்து பெஞ்சைப் பார்த்தே கற்றுக்கொள்கிறோம். தனியாகப் படிப்பவருக்குப் பக்கத்து பெஞ்சே கிடையாது. ஒரு கணக்கை அவரே போட்டுக் காட்டி, எந்த வரியில் தவறினார் என்று ஆசிரியர் உடனே சொல்வதற்குத்தான் நேரலை வேண்டும்.

ஆகவே, தொலைதூரக் கல்வியில் படிக்கும் நண்பர்களே, கூச்சப்படாமல் மைக்கை ஆன் செய்து கேளுங்கள். அந்த வசதி வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன!