ஷாம்பு பாக்கெட்: ஒரு யோசனையின் வரலாறு

புதிய பொருள் என்றவுடன் நமக்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடமும் கோடிக்கணக்கில் பணமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் வரதராஜன்பேட்டைக்கு அடுத்த மாவட்டமான கடலூரில் பிறந்த ஒரு யோசனை, இந்தியாவின் பெட்டிக்கடைகளையே மாற்றிவிட்டது. அந்த வரலாற்றை இங்கே பார்ப்போம்.

கேள்வி கேட்கும் முறை

அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953-ல் ஒரு நூல் எழுதினார். பலர் கூடி, யாரையும் குறை சொல்லாமல் யோசனைகளைக் கொட்டும் முறையை உலகம் முழுவதும் பரப்பியது அவர்தான். ஒரு பொருளிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவர் பட்டியலிட்டார். இதைச் சிறிதாக்கினால்? வேறொன்றுடன் சேர்த்தால்? தலைகீழாக்கினால்? வேறு எதற்குப் பயன்படும்?

சிறிதாக்கினால்?

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறிய அளவில் மருந்தும் அழகுப் பொருட்களும் தயாரித்து வந்தார். அந்தக் காலத்தில் ஷாம்பு பாட்டிலில்தான் கிடைக்கும். அன்றாடங்காய்ச்சிகள் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்க முடியுமா? பணக்காரர் அனுபவிப்பது ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பேதி உப்பு, முகப் பவுடர் போன்றவற்றைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்துப் பார்த்தார். ஷாம்புவும் அந்த வழியில் பாக்கெட்டுக்குள் வந்தது. அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு பாக்கெட் பெரும் புகழ் பெற்றது.

சேர்த்தால்? தலைகீழாக்கினால்?

அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-ல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரை வைத்தே 'சிக்' ஷாம்பு உருவானது. சீயக்காய் தேய்த்துப் பழகிய கிராமங்களில், ஒரு சிறுவனுக்குத் தலை தேய்த்துக் காட்டி ஷாம்பு போடும் விதத்தை விளக்கினார்கள்.

காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்ற திட்டமும் வந்தது. முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். குப்பை காசாகிவிட்டது! பெண்கள் தலையில் சூடும் மல்லிகை, ரோஜாவின் மணத்தையும் ஷாம்புவில் சேர்த்தார்கள். பின்னாளில் 50 காசுக்கும் பாக்கெட் வந்தது. 1998-ல் நிறுவனத்தின் பெயர் கெவின்கேர் ஆனது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் இதே பாக்கெட் வழிக்கு வந்தன.

இவர்கள் ஆஸ்பார்னைப் படித்துவிட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குபவரின் கையில் அன்றைக்கு எவ்வளவு காசு இருக்கும் என்று யோசித்தார்கள். அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

மறுபக்கம்

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. பாக்கெட்டின் உறை பல அடுக்குகளால் ஆனது. அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். எடையும் குறைவு என்பதால் பழைய பொருள் வாங்குபவரும் அதைச் சீண்டுவதில்லை. வாய்க்காலிலும் குளக்கரையிலும் அதுதான் கிடக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, குவளை போன்றவற்றுக்குத் தடை வந்தது. ஆனாலும் பெட்டிக்கடைகளில் ஷாம்பு சரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பயன்படுத்திய பிறகு இது எங்கே போகும் என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நம் ஊரைச் சுற்றி முந்திரிக்காடுகள் இருக்கின்றன. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் வீணாக விட்டுவிடுகிறோம். கோவாவில் அதே பழத்திலிருந்து காய்ச்சும் ஃபெனி 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. சாராயம்தான் வேண்டும் என்பதில்லை. சாறு, ஜாம், ஊறுகாய் என்று எத்தனையோ வழிகள் உண்டு.

வேறு எதற்குப் பயன்படும்? நண்பர்களே, அந்தப் பழத்தைப் பார்த்து இந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.