பழவரிசியும் புதுப்பானையும்

காவிரிப் படுகையில் ஐப்பசியில் தீபாவளி வரும்போது குறுவை அறுத்துக் களம் கண்டிருக்கும். தையில் பொங்கல் வரும்போது சம்பாவில் அரிவாள் இறங்கத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தின் இரண்டு பெரும் பண்டிகைகளும் புது நெல் வீட்டுக்குள் நுழையும் நாட்களை ஒட்டியே விழுகின்றன. புது அரிசி கண்ணுக்கு அழகு, வயிற்றுக்குப் பாரம். அறுத்த சூட்டோடு குத்திய அரிசி உலையில் விரியாமல் குழைந்து பசையாகிவிடும். உண்டவருக்கு மந்தம் தட்டும். பண்டிகைக் காலத்து உடல்நலம் என்றதும் இன்று பனி, சளி, இருமல் என்று பேசுகிறோம். தஞ்சை நாட்டில் அவற்றுக்குச் சற்றும் குறையாத பழைய கவலை செரிமானம். அதற்கான மருந்து பாதி அஞ்சறைப்பெட்டியிலும் பாதி நெற்பத்தாயத்திலும் இருந்தது. பத்தாயத்தில் இருந்த பாதியைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

பத்தாயத்து நெல்லும் மருந்தாக இருந்ததற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சாட்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ராஜராஜன் காலத்தில், கோயில் திருமேனிகளுக்கு அமுது படைக்க என்னென்ன வேண்டும் என்று கணக்கு எழுதி வைத்தார்கள். நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், உப்பு, வெற்றிலை, பாக்கு என்று நீளும் அந்தப் பட்டியலில் அரிசியைச் சொல்லும்போது ‘பழவரிசி’ என்று குறித்திருக்கிறார்கள். சுற்றிலும் வயல் சூழ்ந்த ஊரில், புது நெல்லுக்குப் பஞ்சமே இல்லாத கோயிலில், பழையதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பழைய அரிசி உலையில் நன்றாக விரியும், ஒட்டாது, அளவும் கூடும். அதற்காகக் கேட்டதை மருத்துவம் என்று சொல்லலாமா என்று ஒருவர் மறுக்கலாம். சொல்லலாம். விரிந்து உதிரியாக வேகும் அந்தக் குணத்தைத்தான் சமையலறை ருசி என்றது, வைத்தியர் இலகு என்றார். மிளகையும் கவனிக்க வேண்டும். அது டெல்டாவில் விளைவதில்லை. மேற்கு மலைகளிலிருந்து வர வேண்டிய சரக்கு. கல்வெட்டு இத்தனை மிளகுக்கு இத்தனை நெல் என்று கணக்கிடுகிறது. தன் நெல்லைக் கொடுத்து அந்த நெல்லின் மந்தத்துக்கு மாற்று வாங்கிய நாடு இது. மார்கழி வெண்பொங்கலில் பல்லில் கடிபடும் மிளகுக்கும் சீரகத்துக்கும் பின்னால் இவ்வளவு பழைய வணிகம் இருக்கிறது.

தீபாவளி மருந்தில் இந்தத் தருக்கம் இன்னும் வெளிப்படை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, ஓமம், தனியா எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கொட்டி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, உருளியின் ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நெல்லிக்காய் அளவு உருண்டை வாய்க்குள் போகும். பட்சணத் தட்டுக்கு அதற்குப் பிறகுதான் முறை. தின்றபின் வரும் வயிற்றுவலிக்கு மருந்து தேடுவது ஒரு பழக்கம்; தின்பதற்கு முன்பே மருந்தைப் பண்டிகையின் முதல் பண்டமாக்கிவிடுவது வேறு ஒரு நாகரிகம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் எல்லாவற்றையும் ஒருசேர ஆராயச் செய்தார். அந்த முறைகள் பின்னர் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற நூல்களாக அச்சேறின. அரண்மனை வைத்தியர் கையாண்ட சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகமேதான் அக்கிரகாரத்து உருளியிலும் வெந்தது.

அந்த உருளி எத்தனை வீட்டில் இருந்தது என்பதுதான் கடினமான கேள்வி. பழவரிசி என்றால் ஓர் ஆண்டாவது கட்டிவைத்த நெல். கட்டிவைக்கப் பத்தாயம் வேண்டும், பத்தாயத்துக்கு நிலம் வேண்டும். மிராசுதார் வீட்டுக்கு அது இருந்தது. நடவும் களையும் முடிந்து, அடைமழையில் வேலையின்றி, கடன் நெல்லில் கஞ்சி காய்ச்சிய பண்ணையாளுக்கு இல்லை. அவருக்குக் கூலியாக வந்தது அன்றைக்கு அறுத்த புது நெல்; பட்டினிக்குப் பிறகு, ஆற வைக்க அவகாசமின்றி, அதையே குத்திப் பொங்கினார். அதற்காக அவர் கையில் மருந்தே இல்லை என்று எழுதுவதும் தவறு. வேலியோரத் தூதுவளையும், கொள்ளு ரசமும், வரப்பில் பிடித்த வயல் நண்டை இடித்து வைத்த ரசமும் காசு கேட்காத மருந்துகள். ஆனால் பசியைத் தீர்க்கத் தூதுவளைக்கு வலுவில்லை. கூலி நெல்லை ஒழுங்கு செய்யத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணிச் சிற்றூரில், 1968 மார்கழியில், 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். இந்த மண்ணின் குளிர்கால உடல்நலத்தை எழுதுபவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

முன்னோர் எல்லாம் அறிந்தே வைத்தார்கள் என்று பெருமை பேசுவோருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இதே படுகையைக் காலரா மீண்டும் மீண்டும் வாரிக்கொண்டு போனது. குளத்து நீரில் வந்த நோயை லேகியம் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. காய்ச்சிய நீரும் குழாய்க் குடிநீரும் தடுப்பு ஏற்பாடுகளும்தான் அதை அடக்கின. செரிமானத்துக்குச் சரியாக இருந்த அறிவு தொற்றுநோய்க்கும் சரியாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் அந்த அறிவின் மதிப்பும் குறைந்துவிடவில்லை.

இன்று பத்தாயம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. தையில் அறுத்த நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் சாலையோரத்தில் கொட்டிக் காய வைத்துக் காத்திருக்கிறார்கள். அரிசியைப் பழையதாக்கும் வேலை அரசுக் கிடங்குக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் கோயிலுக்கும் மிராசுதாருக்கும் மட்டும் வாய்த்த பழவரிசி, ரேஷன் கடைப் பையில் வெண்மணிக்கும் வருகிறது. பொங்கலன்று காலையில் பானைக் கழுத்தில் கட்டும் இஞ்சிக்கொத்தும் மஞ்சள்கொத்தும் மட்டும் இன்னும் மண் உதிராமல் பச்சையாகவே சந்தைக்கு வருகின்றன.