வேலூர் ஆய்வும் பழைய சோறும்

ஐ.பி.எஸ். என்றால் நம்மில் பலருக்கும் போலீஸ் அதிகாரிதான் ஞாபகத்துக்கு வருவார். நான் சொல்வது எரிச்சல் குடல் நோய்க்குறி. வயிற்றுவலி, உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல் இருக்கும். ஸ்கோப், ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வரும். "டென்ஷனைக் குறைங்க" என்பார்கள். எனக்குப் பல வருஷமாக இது உண்டு. அதனால்தான் இந்தத் தேடல்.

காஞ்சிபுரத்தில் எங்க தெரு நெசவாளர் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "பழையது சாப்பிடு தம்பி, சரியாப் போயிடும்." இது எவ்வளவு தூரம் உண்மை? பாதி பதில், இங்கிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளி, வேலூர் சி.எம்.சி.யில் கிடைக்கிறது.

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவரும் மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்ச இவை உதவுகின்றன. கடும் பேதியில் இந்த அமிலங்கள் குறைகின்றன, திருப்பிக் கொடுத்தால் உறிஞ்சுதல் மீள்கிறது என்று சி.எம்.சி.யின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வி.ஐ. மாத்தனும் 1993-ல் எழுதினார்கள்.

அமிலத்தை நேராகக் கொடுப்பானேன், பாக்டீரியாவுக்குத் தீனி போட்டால் போதாதா? ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ராமகிருஷ்ணா குழு காலரா நோயாளிகள் 48 பேரிடம் இதைச் சோதித்தது. முடிவு 2000-ல் வெளியானது. வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல் மட்டும் குடித்தவர்களுக்குப் பேதி நிற்க சராசரியாக 91 மணி நேரம் ஆனது. லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத சோள மாவுச்சத்து சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணி நேரம்தான்.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்திலும் ஒரு பகுதி இப்படிச் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. ஆக, பெரியவர்கள் பேச்சில் விஷயம் இருக்கு.

ஆனா காலரா வேற, ஐ.பி.எஸ். வேற. ஐ.பி.எஸ். உள்ள சிலருக்குப் பித்த அமிலம் அதிகமாகப் பெருங்குடலுக்கு வந்து பேதியாகிறது. வேறு சிலருக்கு, புளிக்கும்போது கிளம்பும் வாயுவே கூச்சமுள்ள குடலை வலிக்க வைக்கிறது. ஒருவருக்கு மருந்தாகும் தீனி இன்னொருவருக்கு உப்புசம். அதனால் பழைய சோற்றைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் சொன்னாலும் விட்டுவிடலாம்.

ஸ்கோப் குடல் சுவரைத்தான் காட்டும். உள்ளே பாக்டீரியா என்ன சமைக்கிறது என்பதைக் காட்டாது. வேலூரில் அளந்தது அதைத்தான். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தால், பார்த்த இடத்தில் ஒண்ணுமில்லை என்று அர்த்தம். உங்க வலி பொய் என்று அர்த்தமில்லை.